கால் எலும்பு அஞ்சரை மாசமா ஒட்டல, 20 நிமிஷ அல்ட்ராசவுண்ட் மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா?

நாமக்கல்_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் தான் செஞ்சிருக்கேன், இப்பத்தான் மொத தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர். தை மாசம் லோடு எறக்கும்போது பின்கதவு கழண்டு வலது கால் மேல விழுந்துருச்சு. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் போயிருச்சு, கணுக்காலுக்கு அரை சாண் மேல. தோல் கிழியல, அது ஒண்ணு தான் நல்ல நேரம்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரியே பெரிய எலும்புக்குள்ள ராடு விட்டு மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டாங்க. நாலு மாசத்துல ஸ்டீரிங் புடிக்கலாம்னு நெனச்சுட்டு இருந்தோம், இப்ப அஞ்சரை மாசம் ஆச்சு, காலை ஊனுனா சுருக்குனு குத்துதுன்னு இன்னும் வாக்கர்லயே தான் நடக்கறாரு. போன வாரம் எடுத்த எக்ஸ்ரேல சின்ன எலும்பு ஒட்டிருச்சு, பெரிய எலும்புல கருப்பு கோடு அப்படியே தெரியுது. "ஒட்டறதுக்கு லேட் ஆகுது, இன்னும் ஒரு மாசம் பாப்போம், இல்லைன்னா ஒரு ஸ்க்ரூவ கழட்டணும், அதுக்கும் மசியலைன்னா இடுப்பு எலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து வைக்கணும்"னு டாக்டர் சொல்லியிருக்காரு.

இதுக்கு நடுவுல ஒருத்தர் வீட்டுக்கே வந்து ஒரு நோட்டீஸ் குடுத்துட்டு போனாரு. எலும்பு ஒட்ட வைக்கிற அல்ட்ராசவுண்ட் மெஷினாம், தினம் 20 நிமிஷம் ஒடஞ்ச எடத்துக்கு மேல வச்சா போதுமாம், புது ரத்தக்குழா முளைக்குமாம், 38 சதவீதம் சீக்கிரம் ஒட்டுமாம். மாசம் 28,000 வாடகை, மூணு மாசத்துக்கு குறைச்சு தர மாட்டாங்களாம். லாரி நிக்கறப்ப இது எங்களுக்கு பெரிய காசுங்க.

எங்க தெருவுல ஒரு பிசியோ சென்டர் இருக்கு, அங்கயும் அல்ட்ராசவுண்ட் வைக்கறாங்க, ஒரு தடவைக்கு 150 தான். ரெண்டும் ஒரே சவுண்டு தானே, அங்கயே போய் வச்சுக்கலாமா? நெஜமாவே ரத்தக்குழா முளைக்குமா? எங்க மாமியார் ஒரு பக்கம் பிரண்டை துவையலும் ஆட்டுக்கால் சூப்புமா குடுத்துட்டு இருக்காங்க, கொழுந்தனார் புத்தூர் கட்டு போடலாம்னு கார் எடுத்துட்டு நிக்கறாரு. தலை சுத்துது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஈரோடு_பிசியோ:

வணக்கம் அக்கா. மொதல்ல கொழுந்தனார் கார் சாவிய வாங்கி வைங்க. உள்ள ராடு இருக்கற கால புடிச்சு இழுத்துக் கட்டற வேலையே வேண்டாம்.

150 ரூவா விஷயத்துக்கு வரேன், நானும் அதே வேலை பாக்கறவன்கறதால ஒளிக்காம சொல்றேன். ரெண்டும் அல்ட்ராசவுண்டு தான், ஆனா ஒண்ணு கிடையாது. எங்ககிட்ட இருக்கறது தசை வலி, ஜவ்வு இறுக்கம் இதுக்கெல்லாம் வைக்கறது, 1 மெகாஹெர்ட்ஸ் இல்ல 3 மெகாஹெர்ட்ஸ், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாட் பக்கம் வைப்போம், ஜெல் தடவி அஞ்சு நிமிஷம் எட்டு நிமிஷம் வட்டம் வட்டமா ஓட்டிட்டே இருப்போம். கைய நிறுத்தினா ஒரே எடத்துல சூடு ஏறி எலும்பு மேல இருக்கற ஜவ்வு சுள்ளுனு குத்தும், பேஷன்ட் காலை இழுத்துக்குவாங்க. படிக்கும்போது எங்க சார் ஒவ்வொருத்தர் கையிலயும் அத வச்சு நிறுத்தி காட்டினாரு, அந்த குத்தல் இன்னும் மறக்கல.

எலும்புக்குன்னு வர்ற மெஷின் 1.5 மெகாஹெர்ட்ஸ், ஆனா பவர் சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் தான். ஒரு வாட்னா 1000 மில்லிவாட், அப்ப எங்க மெஷின் அதவிட முப்பது மடங்குக்கு மேல. அதுவும் தொடர்ந்து வராது, 200 மைக்ரோ செகண்ட் வரும், 800 மைக்ரோ செகண்ட் சும்மா இருக்கும், இப்படி செகண்டுக்கு 1000 தடவை. மெஷின் தலைய ஓட்டக்கூடாது, ஒடஞ்ச எடத்துக்கு நேரா ஸ்ட்ராப் போட்டு அப்படியே 20 நிமிஷம் விட்டுரணும். மாவுக்கட்டு போட்டவங்களுக்கு கட்டுலயே சின்னதா ஜன்னல் வெட்டி அதுக்குள்ள வைப்பாங்க. சூடு கிடையாது, சத்தம் கிடையாது, அதிர்றது கூட தெரியாது. மெஷின் ஓடுதா இல்ல பேட்டரி போயிருச்சான்னு லைட்ட பாத்து தான் தெரிஞ்சுக்கணும்.

அதனால 150 ரூவா சவுண்ட வச்சு எலும்பு ஒட்டும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது அந்த வேலைக்கு இல்ல. முட்டி மடக்கறது, கணுக்கால் அசைக்கறது, தொடை தசை கரையாம பாத்துக்கறது, இதுக்கு பிசியோகிட்ட போங்க, கண்டிப்பா போங்க. 28,000 மெஷின் வேலை செய்யுமான்னு கேட்டீங்கன்னா, நான் படிச்சப்ப "செய்யும்"னு தான் பரீட்சையில எழுதினேன். இப்ப அப்படி எழுதுவேனான்னு தெரியல, ஆராய்ச்சி பக்கம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.


சிங்கை_மணி:

எனக்கு ஒட்டுச்சு. அத சொல்லிட்டு போகலாம்னு தான் வந்தேன்.

எனக்கு மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் இருக்கற ஸ்காஃபாய்டு எலும்பு, முந்திரிப்பருப்பு மாதிரி குட்டியா இருக்கும், ஃபுட்பால்ல கைய ஊனி விழுந்ததுல நடுவுல ரெண்டா போச்சு. மொத எக்ஸ்ரேல தெரியவே இல்ல, சுளுக்குன்னு நெனச்சு ஒரு மாசம் சும்மா சுத்துனேன், அப்புறம் எம்ஆர்ஐ எடுத்து தான் கண்டுபுடிச்சாங்க. அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்துல இருந்து உள்ள நுழைஞ்சு பின்னாடி போகுமாம், நடுவுல ஒடஞ்சா பின்பாதிக்கு ரத்தமே போகாதாம், அதான் ஒட்டறது கஷ்டம்னு டாக்டர் படம் போட்டு காட்டினாரு. கட்டு போட்டு மூணு மாசம் ஆகியும் ஒட்டல. அப்பத்தான் இந்த மெஷின் வாங்கினேன். தினம் ராத்திரி சாப்ட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்து 20 நிமிஷம், ஜெல் ஜில்லுனு இருக்கும், பாதி நாள் அப்படியே தூங்கிருவேன், முடிஞ்சா பீப் அடிக்கும். நாலு மாசம் கழிச்சு சிடி எடுத்தா ஒட்டிருந்துச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. இப்ப கைய ஊனி தண்டால் எடுக்கறேன்.

காசு இருந்தா ட்ரை பண்ணுங்க சிஸ்டர். சைட் எஃபெக்ட் ஒண்ணும் இல்ல.


வன்னிப்பூ:

செல்வி அக்கா, நான் லண்டனில ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்றே எடுக்கிற வேலை, டொக்டர் இல்லை. ஆனா ஒடிஞ்ச எலும்புப் படங்களோட தான் என்ர நாள் போகுது. நீங்கள் சொன்ன அந்த 38 சதவீதத்தைப் பாத்த உடன எழுத வேணும் போல இருந்துது, ஏனெண்டா அந்த நம்பர் எங்கயிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியும்.

அது 1994இல அமெரிக்காவில வந்த ஆராய்ச்சி. உங்கட வீட்டுக்காரருக்கு ஒடிஞ்ச அதே கால் எலும்பு தான், 67 முறிவு. ஒரு பகுதிக்கு உண்மையான மெஷின், மற்றப் பகுதிக்கு அல்ட்ராசவுண்ட் வராத டம்மி மெஷின், ஆருக்கு எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மெஷின் வைச்ச ஆக்களுக்கு எலும்பு பொருந்த சராசரி 96 நாள், டம்மிக்கு 154 நாள். அந்த வித்தியாசம் தான் 38 சதவீதம். பொய் இல்லை. மூண்டு வருசத்துக்குப் பிறகு மணிக்கட்டு முறிவிலயும் 61 நாள், 98 நாள் எண்டு அதே மாதிரி வந்தது. இப்பிடியான முடிவுகளை நம்பித்தான், அந்த மணிக்கட்டுப் பேப்பர் வர முந்தியே 1994இல அங்க புது முறிவுக்கு அனுமதி குடுத்தவை, பிறகு 2000இல பொருந்தாத எலும்புக்கும் குடுத்தவை.

ஆனா அந்த 67 முறிவும் ராட் போடாம மாவுக்கட்டிலயே ஆற விட்ட முறிவுகள், அதுவும் ஒடிஞ்ச ஒரு கிழமைக்குள்ள மெஷின் தொடங்கினது. உங்கட ஆளுக்கு ராட் இருக்கு, அஞ்சரை மாசமும் போட்டுது. ரெண்டும் வேற கதை.

ராட் போட்ட ஆக்களில பெரிசாச் செய்து பாத்தது 2016இல வந்தது. வட அமெரிக்காவில 43 ஆஸ்பத்திரி, 501 பேர், எல்லாருக்கும் கால் எலும்பு முறிவு, எல்லாருக்கும் உள்ள ராட், பாதிப் பேருக்கு டம்மி. மெஷின் விக்கிற கொம்பனியும் சேர்ந்து காசு போட்டது. கடைசியில எக்ஸ்றேயில பொருந்திற வேகத்திலயும் வித்தியாசம் இல்லை, திருப்பி நடக்கிறது, வேலைக்குப் போறதிலயும் வித்தியாசம் இல்லை. இனி நடத்திப் பிரயோசனம் இல்லையெண்டு இடையிலயே நிப்பாட்டினவை. அடுத்த வருசம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில 26 ஆராய்ச்சியைச் சேத்துப் பாத்திட்டு முறிவுக்கு இந்த மெஷின் வேண்டாம் எண்டு கடுமையாவே எழுதினவை. 2018இல இங்க எந்த வைத்தியம் செய்யலாம் எண்டு சொல்லுற நைஸ் எண்ட அமைப்பும் சாதாரணப் புது முறிவுக்குப் பாவிக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுது.

இப்ப உங்கட கேள்வி புது முறிவு இல்லை, பிந்திப் பொருந்திற எலும்பு. அதில விசயம் இன்னும் முடியேல்லை. நைஸ் அதுக்கு மட்டும் கதவைப் பூட்டேல்லை, ஆதாரம் காணாது, நோயாளிக்கு விளங்கப்படுத்திப்போட்டு, கணக்கு வைச்சுக்கொண்டு செய்யுங்கோ எண்டு விட்டிருக்கு. மெஷின் வைச்ச ஆக்களில 80 சதவீதத்துக்கு மேல பொருந்தினது எண்டு கனக்கப் பேப்பர் இருக்கு, ஆனா அதில அனேகமா டம்மிக் கூட்டம் இல்லை. டம்மி வைச்சுச் செய்த ஒண்டு எனக்கு நல்லாத் தெரியும், ஜெர்மனியில 101 பேர், எல்லாருக்கும் பிந்தின கால் எலும்பு. 16 கிழமை முடிய மெஷின் பக்கம் 65 சதவீதம் பொருந்தினது, டம்மிப் பக்கம் 46 சதவீதம். பாக்க நல்ல வித்தியாசம், கணக்குப் போட்டுப் பாத்தா அதிர்ஷ்டத்தாலயும் வந்திருக்கலாம் எண்ட கரையில நிக்குது. நான் கவனிக்கிறது அந்த 46ஐத் தான் அக்கா. ஒண்டுமே வராத பெட்டியைக் காலில கட்டிக்கொண்டிருந்த ஆக்களிலயும் பாதிக்குக் கிட்டப் பொருந்தியிருக்கு.

மணி அண்ணைக்குக் கோவம் வரக்கூடாது, உங்களுக்குப் பொருந்தினது சந்தோசம்.


சிங்கை_மணி:

கோவம் எல்லாம் இல்லைங்க. ஆனா டம்மி டம்மின்னு சொன்னா எப்படி, எனக்கு மூணு மாசமா ஒட்டாதது மெஷின் வச்சப்புறம் ஒட்டியிருக்கு, அது கண்ணால பாத்தது. அந்த 501 பேர்ல எத்தனை பேரு தினம் ஒழுங்கா வச்சாங்களாம்? நான் ஒரு நாள் கூட விடல.


வன்னிப்பூ:

நல்ல கேள்வி அண்ணை, கொம்பனிப் பக்கமும் அதைத் தான் கேட்டவை. நாலில மூண்டு பங்கு ஆக்கள் சொன்னதில பாதிக்கு மேல வைச்சிருக்கினம், மெஷினுக்குள்ளயே கணக்கு ஏறும். முழுசா வைச்ச ஆக்கள் குறைவு தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா உண்மையில வீட்டில வாங்கிக்கொண்டு போற சனமும் அப்பிடித்தானே. நீங்கள் டிவிக்கு முன்னால நித்திரை கொண்டதெண்டு நீங்களே எழுதியிருக்கிறியள் :)


செல்_பித்தன்:

ரத்தக்குழா முளைக்குமான்னு ஒரு கேள்வி கேட்டாங்களே, அத யாரும் தொடல, நான் தொடறேன். நான் லேப்ல செல் வளத்து பிஎச்டி முடிச்ச ஆளு, எலும்புல இல்ல, ரத்தக்குழா செல்லுல, அதனால இந்த பக்கம் நிறைய படிச்சிருக்கேன், கொஞ்சம் நீட்டினா மன்னிச்சுக்கோங்க.

எலும்பு ஒடஞ்சா மொதல்ல அங்க ரத்தம் கட்டும். உள்ள இருந்த குழாயும் சேந்து அறுந்து போனதால அந்த எடத்துல ஆக்சிஜன் இருக்காது. ஆக்சிஜன் இல்லாத எடத்துல எலும்பு செல் பொழைக்காது, குருத்தெலும்பு செல் பொழைக்கும், அதுக்கு ரத்தக்குழாயே வேண்டாம், காது மடல் மாதிரி. அதனால உடம்பு மொதல்ல ரப்பர் மாதிரி ஒரு குருத்தெலும்பு பாலம் போடுது. அப்புறம் அந்த பாலத்துல இருக்கற செல் எல்லாம் ஊதி பெருசாகி விஇஜிஎஃப்னு ஒரு புரதத்த வெளிய விடும், "இங்க குழா போடுங்கடா"ன்னு கூப்பிடற மாதிரி. பக்கத்துல இருக்கற குழாயில இருந்து புதுசா கிளை விட்டு உள்ள நுழையும், அதோட ஒட்டிக்கிட்டே எலும்பு கட்டற செல்லும் வந்து எறங்கும், குருத்தெலும்ப அரிச்சு எடுத்துட்டு அங்க எலும்பு கட்டும். எலியில இந்த விஇஜிஎஃப்ப மருந்து போட்டு தடுத்தா பாலம் எலும்பா மாறாம அப்படியே தேங்கி நிக்குது. 2014ல ஜெர்மனியில குசும்பே, ராமசாமி, ஆடம்ஸ் இவங்க ஒரு படி மேல போய் எலும்புக்குள்ள இருக்கற குழா எல்லாம் ஒண்ணு இல்ல, எலும்பு கட்டற செல்ல கூடவே கூட்டிட்டு திரியற தனி ரகம் ஒண்ணு இருக்கு, வயசாக ஆக அது குறைஞ்சுட்டே வருதுன்னு காட்டினாங்க. ஆக குழா இல்லாம எலும்பு இல்ல, நோட்டீஸ் அடிச்சவர் அந்த வரைக்கும் சரியா தான் சொல்லியிருக்காரு.

இப்ப செல்வியோட வீட்டுக்காரர் கால் ஏன் லேட்டாகுதுன்னு பாத்தா, கால் எலும்போட கீழ மூணுல ஒரு பங்குல சதையே கிடையாது, தடவி பாருங்க, தோலுக்கு அடியில நேரா எலும்பு. சதை இல்லைன்னா சுத்தி இருந்து வர்ற குழாயும் கம்மி. எலும்போட சொந்த குழா மேல பக்கம் பின்னால நுழைஞ்சு உள்ள மஜ்ஜை வழியா கீழ எறங்குது, ஒடஞ்சப்ப அது அறுந்துருக்கும், ராடு விட ஓட்டைய பெருசு பண்ணும்போது மிச்சமும் போயிருக்கும். அது திரும்ப வளரும், பயப்பட வேண்டாம், ஆனா டைம் எடுக்கும். அதனால இந்த எடத்துல ஒடஞ்சா லேட்டாகறது எந்த ஊர்லயும் நடக்கறது தான்.

சரி சவுண்டு என்ன பண்ணுதுன்னா, செல்லுக்கு அது சவுண்டு இல்ல, தள்ளுமுள்ளு. செல் தோல்ல இருக்கற கொக்கி மாதிரி புரதம் (இன்டெக்ரின்னு பேரு) அந்த ஆட்டத்த உணர்ந்து உள்ள சேதி அனுப்பும், காக்ஸ்-2ன்னு ஒரு என்சைம் ஏறும், அது ப்ராஸ்டகிளான்டின்னு செல்லுக்கு செல் சேதி சொல்ற ஒரு சரக்க செய்யும், அதோட விஇஜிஎஃப்பும் ஏறும். 1999ல லண்டன்ல ஒரு பல் ஆஸ்பத்திரி குரூப் மனுஷ தாடை எலும்பு செல்ல டிஷ்ல வளத்து, 1 மெகாஹெர்ட்ஸ் ஒரு பக்கம், 45 கிலோஹெர்ட்ஸ்னு ரொம்ப தாழ்ந்த சவுண்டு ஒரு பக்கம் குடுத்து பாத்தாங்க, ரெண்டுலயும் விஇஜிஎஃப் மாதிரி குழா வளக்கற சரக்கு ஏறுச்சு. அவங்க ஏன் தாடைய புடிச்சாங்கன்னா, வாய் புற்றுநோய்க்கு ரேடியேஷன் குடுத்தவங்களுக்கு தாடைக்குள்ள குழா எல்லாம் காஞ்சு எலும்பு செத்து வெளிய தெரிய ஆரம்பிக்கும், அதுக்கு வழி தேடினாங்க. வெத்தலை புகையிலை போடற நம்ம ஊருக்கு அந்நியமான விஷயம் இல்ல அது. நாய்ங்க கால்ல ஒடச்சு சவுண்டு வச்சு டாப்ளர்ல (ரத்த ஓட்டத்த காட்டற ஸ்கேன்) பாத்த ஆராய்ச்சியிலயும் அந்த எடத்துல ரத்த ஓட்டம் கூடுனது தெரிஞ்சுது. அதனால "முளைக்குமா"ன்னா, டிஷ்லயும் நாய்லயும் ஆமா.

இங்க தான் என் சொந்த கசப்பு ஒண்ணு. டிஷ்ல சவுண்டு குடுக்கறது அவ்ளோ சுத்தமான வேலை இல்ல. டிஷ் பிளாஸ்டிக், அதுக்கு மேல மீடியம் (செல்லுக்கு சாப்பாடு கலந்த தண்ணி) சில மில்லிமீட்டர், அதுக்கு மேல காத்து. சவுண்டு கீழ இருந்து போய் காத்துல முட்டி திரும்பும், போறதும் வர்றதும் மோதி சில எடத்துல ரெட்டிப்பா இருக்கும், சில எடத்துல ஒண்ணுமே இருக்காது. நான் ஒரு தடவை ஒரே தட்டுல ஆறு குழி வச்சு பண்ணினேன், ஓரத்து குழியில ரிசல்ட் அள்ளுச்சு, நடு குழியில பூஜ்யம். மூணு வாரம் மண்டைய பிச்சுக்கிட்டு கடைசியில பாத்தா மீடியம் உயரம் தான் வித்தியாசம். 30 மில்லிவாட்னு பேப்பர்ல எழுதியிருக்கும், செல்லு மேல எவ்ளோ விழுந்துச்சுன்னு அளக்காமலே எழுதினவங்க நிறைய பேரு. டிஷ்ல செல் ஒரே அடுக்கு, சும்மா உக்காந்துருக்கு, ஒரு சின்ன தட்டு தட்டினாலே அதுக்கு திருவிழா. கால்ல அப்படி இல்ல, மனுஷன் ஒரு எட்டு வச்சா எலும்புக்கு கெடைக்கற ஆட்டம் இந்த சவுண்டு குடுக்கறத விட எத்தனையோ மடங்கு. எனக்கு அதனால தான் 2016 ரிசல்ட் பெரிய அதிர்ச்சியா இல்ல. ராடு போட்டு ஊனி நடக்கற கால்ல சவுண்டு புதுசா என்ன சேதி சொல்லிடும்? நடக்கவே முடியாத, கட்டுல அசையாம கெடக்கற எலும்புல வேணா சொல்லலாம். இது என் யூகம், எங்கயும் நிரூபிச்சது இல்ல.

இன்னொண்ணு, காக்ஸ்-2ன்னு சொன்னேன் இல்லையா, காக்ஸ்-2 இல்லாம பிறக்க வச்ச எலிகளுக்கு இந்த சவுண்டு வேலையே செய்யல. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை தடுக்கறதும் அதே காக்ஸ்-2வ தான். அஞ்சரை மாசமா தினம் மாத்திரை போட்டுட்டு இருந்தா அத டாக்டர்கிட்ட சொல்லி கேளுங்க, நீங்களா நிறுத்த வேண்டாம். சைட் எஃபெக்ட் இல்லைன்னு மணி சொன்னதுல கொஞ்சம் சேக்கறேன், புற்றுநோய் கட்டி இருக்கற எடத்துல வைக்கக்கூடாது, குழா வளக்கற எதுவும் கட்டிக்கும் சோறு போடும்.


மதுரை_ரிங்மாஸ்டர்:

நான் படிச்சவன் இல்ல, கால்ல 11 மாசம் இலிசரோவ் ரிங் (காலுக்கு வெளிய வளையம் போட்டு கம்பியால எலும்ப புடிக்கறது) மாட்டிட்டு திரிஞ்சவன். செல் அண்ணன் சொன்ன ஆட்டம் மேட்டர் எனக்கு நல்லா புரிஞ்சுது. ரஷ்யாவுல அந்த இலிசரோவ் டாக்டர் கண்டுபுடிச்சதே அது தான், எலும்ப வெட்டி மெதுவா இழுத்தா நடுவுல புது எலும்பு வரும், புது குழாயும் கூடவே வரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், நாலு தடவையா பிரிச்சு கால் கால் மில்லிமீட்டர். காலைல 6, மதியம் 12, சாயந்தரம் 6, ராத்திரி 12, அலாரம் வச்சு எந்திரிச்சு நட்டு திருகுவேன், என் பொண்ணு நோட்டுல டிக் போடும். ஒரு நாள் அவசரப்பட்டு ரெண்டு தடவை திருகறத ஒரே தடவையா திருகிட்டேன், அன்னைக்கு ராத்திரி பட்ட வலி பகையாளிக்கும் வேண்டாம்.

தங்கச்சி ஒண்ணு கேக்கவா, மச்சான் பீடி சிகரெட் உண்டா? எங்க வார்டுல ஒட்டாம கெடந்தவங்கள்ல பாதி பேரு பாத்ரூம் ஜன்னல்ல ஊதுன ஆளுங்க, நானும் தான். டாக்டர் என்கிட்ட ஒரே வார்த்தை சொன்னாரு, நீ ஊதற ஒவ்வொண்ணும் அந்த குழாய சுருக்குது, நான் என்னத்த இழுத்தாலும் வராதுன்னு. மெஷினுக்கு 28,000 குடுக்கறதுக்கு முன்னாடி சுகர், விட்டமின் டி, உள்ள கிருமி இருக்கான்னு ரத்தத்துல ஈஎஸ்ஆர் சிஆர்பி, இதெல்லாம் பாத்தாங்களான்னு கேளுங்க. உள்ள சீழ் இருந்தா எந்த மெஷின் வச்சும் பிரயோசனம் இல்ல, என் கதை அது தான், முதல் ஆஸ்பத்திரியில ஆறு மாசம் யாரும் பாக்கல. அப்புறம் சின்ன எலும்பு முந்தி ஒட்டிருச்சுன்னு சொல்றீங்க, அது முட்டு குடுத்து பெரிய எலும்பு ரெண்டு துண்டையும் நெருங்க விடாம புடிச்சுக்கும், அதையும் கேளுங்க. ஸ்க்ரூவ கழட்டறேன்னு டாக்டர் சொல்றது பயப்படற விஷயம் இல்ல, நடக்கும்போது ரெண்டு துண்டும் ஒண்ணோட ஒண்ணு அமுங்கட்டும்னு தான், சின்ன ஓட்டை போட்டு எடுத்துருவாங்க.


நாமக்கல்_செல்வி:

இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கலைங்க, ரெண்டு தடவை படிச்சேன், அவருக்கும் சத்தமா படிச்சு காட்டினேன். பீடின்னு வந்த எடத்துல ஒண்ணும் பேசாம சுவத்த பாத்து திரும்பி படுத்துக்கிட்டாரு. ஒரு நாளைக்கு ஒரு கட்டுங்க. வாக்கர்ல மெதுவா பின்வாசல் போறது காத்து வாங்கன்னு இத்தனை நாளா நானும் நம்பிட்டு இருந்தேன். மாமியாருக்கு தெரிஞ்சே இருந்துருக்கு.

இன்னைக்கு டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தோம். மெஷின பத்தி கேட்டேன், "வச்சா கெடுதல் இல்ல, வச்சாத்தான் ஒட்டும்னு நான் எழுதி தர மாட்டேன்"னாரு. வலி மாத்திரை தினம் ரெண்டு போட்டது டாக்டருக்கே தெரியல, மெடிக்கல்ல பழைய சீட்டையே காட்டி எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு இருந்துருக்காரு. டாக்டர் மாத்தி வேற எழுதி குடுத்தாரு. மூணு மாசத்து ரத்த சர்க்கரை டெஸ்ட் எடுத்ததுல 8.1 வந்துருக்கு, எங்களுக்கு சுகர் இருக்கறதே இன்னைக்கு தான் தெரியும். சிஆர்பி நார்மல். எக்ஸ்ரேய லைட்ல வச்சு காட்டினாரு, முன்னாடி இருந்து ஒரு படம், பக்கத்துல இருந்து ஒரு படம், மொத்தம் நாலு ஓரம், அதுல மூணுல பாலம் விழுந்தா ஒட்டுன கணக்காம். இப்ப ஒண்ணுல நல்லா விழுந்துருக்கு, இன்னொண்ணுல மங்கலா மேகம் மாதிரி இருக்கு. கொழுந்தனார் அந்த மேகத்தையே உத்து பாத்துட்டு இருந்தாரு, புத்தூர் பேச்ச அப்புறம் எடுக்கல.

ஸ்க்ரூ வர்ற புதன்கிழமை எடுக்கறாங்க. வாடகைக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு, இந்த மாசம் எடுத்தா ஜெல் ஃப்ரீயாம். எடுக்கலைன்னு சொல்லிட்டேன். ஆட்டுக்கால் சூப் மட்டும் நிறுத்த மாட்டேன்னு மாமியார் சொல்லிட்டாங்க, அது இருக்கட்டும்ங்க.


வன்னிப்பூ:

அந்த மங்கல் மேகம் தான் அக்கா கேலஸ், முறிஞ்ச இடத்தில புதுசாக் கட்டுப்படுற எலும்பு. அடுத்த எக்ஸ்றே எடுக்கேக்க அதே ஆஸ்பத்திரியில, காலை அதே மாதிரி வைச்சு எடுக்கச் சொல்லுங்கோ, கொஞ்சம் திருப்பி எடுத்தாலே மேகம் காணாமப் போயிடும், நானே அப்பிடி எடுத்துப்போட்டு டொக்டரிட்டப் பேச்சு வாங்கியிருக்கிறன். புதன் முடிய எழுதுங்கோ.